ஓடுமுன் உடலை எழுப்புவோம்

மார்கழி மாதத்தில் புனேயின் விமான் நகரில் காலைக் குளிர் மிகுதி. அப்போது தசைகள் இறுகியிருக்கும். எழுந்தவுடன் விரைந்து ஓடினால் தசை பிடித்துக்கொள்ளலாம். பல நாள் விளையாட இயலாமலும் போகலாம்.

ஆகவே, முதலில் மெல்ல ஓடுதல் வேண்டும். இதயத் துடிப்பு படிப்படியாக உயரும், தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாயும், உடல் சூடேறும், மூட்டுகள் எளிதில் அசையும்.

பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான பிஃபா 2006ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘11 பிளஸ்’ பயிற்சியும் மெல்லோட்டத்திலேயே தொடங்குகிறது. 20 நிமிடம் நீளும் இப்பயிற்சியை முறையாகச் செய்தோர்க்குக் காயங்கள் குறைந்தன என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆட்டத்திற்கு முன் செலவிடும் அந்நேரம் வீணன்று.

பொருள் அறிக: குருதி – இரத்தம், வீணன்று – வீண் அல்ல.

விடை எழுதுக: மெல்ல ஓடும்போது உடலில் நிகழும் மாற்றங்கள் யாவை?