உருவ ஓவியம்

ஓவியக் கலையின் கிளைகள் பலவற்றுள் ஒருவருடைய உருவத்தை உள்ளவாறே வரைதல் அரிய செயலாகும். மரத்தை வரையுங்கால் ஒரு கிளை பிறழ்ந்தாலும் காண்போர் அறியார். பழகிய முகத்தில் புருவம் நூலளவு பிறழினும், 'இவர் அவரல்லர்' என்று சிறுவனும் சொல்லிவிடுவான்.

வண்ணம் தீட்டாது கோடுகளால் மட்டும் அமைந்த படத்தைப் பண்டைத் தமிழர் புனையா ஓவியம் என வழங்கினர். இக்கலை பயில்வோர்க்கு இன்றும் அதுவே முதற்படி. முதலில் முகத்தை முட்டை வடிவாக மெல்லிய கோட்டால் வரைதல் வேண்டும். கண்களை நெற்றியருகே ஏற்றி வைத்தல் தொடக்கத்தில் பலர் செய்யும் பிழை. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவிலேதான் கண்கள் அமைந்துள்ளன. அவ்விரண்டிற்கும் இடையே ஒரு கண்ணின் அகலம் உண்டு. இவ்வளவுகள் எல்லார்க்கும் பொது. இப்பொது அளவினின்று ஒரு முகம் எங்கே வேறுபடுகின்றதோ, அங்கேதான் அவருடைய தனித்தன்மை விளங்கும். அதனைக் கண்டுபிடிப்பதே ஓவியனது கண்.

1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான தாகர் என்பார் நிழற்படம் எடுக்கும் முறையை உலகறியச் செய்தார். பிற்காலத்தில் படம் எடுக்கும் நிலையங்களில், கண்ணாடித் தகட்டின்மீது கூரிய பென்சிலால் தீற்றி, முகத்தின் சுருக்கங்களையும் வடுக்களையும் மறைத்தனர். இன்று அப்பணியைக் கணிப்பொறி நொடியில் செய்கின்றது. மங்கிய படத்தைத் தெளிவாக்கலாம். மடிப்பு விழுந்த பழம்படத்தைச் செப்பனிடலாம். மூலப்படத்தைத் தனியே காத்து, அதன்மேல் வேறோர் அடுக்கில் திருத்தம் செய்தால், வேண்டாதபோது அத்திருத்தத்தை நீக்கிவிடலாம்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். அவருடைய நிழற்படங்களாக இன்று கிடைப்பன விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவையும் கறுப்பு வெள்ளைப் படங்களே. தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக வண்ணத்தில் நாம் காணும் பாரதியார், ஆர்யா முதலிய ஓவியர்களின் கைவண்ணத்தாலும் உருவானவர். திருவள்ளுவர்க்கோ நிழற்படமே இல்லை. வேணுகோபால் சர்மா தம் உள்ளத்தில் கண்ட உருவை வரைந்தார். அப்படம் 1964இல் தமிழகச் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பெற்றது. காணாதவரை வரையுங்கால் கற்பனைக்கு இடமுண்டு. கண்முன் இருப்பவரை வரையுங்கால் உண்மைக்கே முதலிடம்.

இவ்வுண்மையைக் கணிப்பொறி கற்ற இளைஞர் சிலர் மறந்துவிடுகின்றனர். கருநிற முகத்தை வெளுப்பாக்குகின்றனர். முதியவரின் சுருக்கங்களைத் துடைத்துவிடுகின்றனர். படத்தில் விழுந்த கறையை நீக்குதல் செப்பம். முகத்திற்குரிய நிறத்தை நீக்குதல் பொய். தம் நிறமே ஒரு குறை என்று எண்ணும் பிள்ளையின் உள்ளத்தில் அப்பொய் ஆழ்ந்த புண்ணை உண்டாக்கும்.

புதுவையை அடுத்த அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியமும் சிற்பமும் கற்பிக்கப்பெறுகின்றன. ஆயினும் தொடக்கப் பயிற்சிக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். பண்டசோழநல்லூர் போன்ற சிற்றூரில், வயலிலிருந்து திரும்பும் பாட்டனாரின் முகமே சிறந்த பாடம். வெயிலும் உழைப்பும் அம்முகத்தில் எழுதிய கோடுகளை மாணவர் முதலில் கையால் வரைந்து பழகுக. அவற்றின் அருமையை உணர்ந்த கை, கணிப்பொறியின்முன் அமரும்போதும் அவற்றை அழிக்கத் துணியாது.