தங்கையாய் வளர்ந்த புன்னை

கடற்கரை வெண்மணலில் சிறுமியர் சிலர் விளையாடிக்கொண்டிருந்தனர். அவர்கள் கையிலிருந்த புன்னை விதை ஒன்றை மணலுள் அழுத்தி மறைத்தனர். விளையாட்டு முடிந்தது, விதையின் நினைவும் அகன்றது. அவரவர் தத்தம் இல்லம் சென்றனர். நாட்கள் பல கழிந்தன. ஒருநாள் அவ்விடத்தில் அவ்விதை முளைவிட்டு நிற்கக் கண்டனர். அவர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. நெய்யும் பாலும் வார்த்து அதனைப் பேணி வளர்த்தனர். அது கண்ட தாய், தன் மகளிரினும் அம்மரமே சிறந்தது என்றும், அஃது அவர்களுக்குத் தங்கை முறையாகும் என்றும் பாராட்டிக் கூறினாள்.

ஆண்டுகள் சென்றன. சிறுமி கன்னியானாள், புன்னையும் நிழல் தரும் மரமாயிற்று. தலைவன் அந்நிழலில் வந்து நின்று அவளுடன் நகையாடிப் பேச விழைந்தான். தோழி அவனைத் தடுத்து, அம்மரம் தங்களுக்குத் தங்கையாதலின் அதன் முன்னிலையில் அவ்வாறு பேச நாணுவதாகவும், வேறு நிழல் உண்டாயின் அங்குச் செல்லலாம் எனவும் உரைத்தாள். நற்றிணையின் 172ஆம் பாட்டில் அமைந்துள்ள செய்தி இது. இதனைப் பாடிய புலவரின் பெயர் கிடைக்கவில்லை. ஆயினும், மரத்தை உடன்பிறப்பாகக் கொண்ட ஒரு குடும்பத்தை அப்புலவர் நம் கண்முன் நிறுத்திவிட்டார்.

இக்கதையில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. மறந்து விட்ட விதை முளைத்தது. அஃது அம்மண்ணுக்கு உரிய மரத்தின் விதையாக இருந்ததே அதற்குக் காரணம். ஆயின், முளைத்த விதை மரமானதற்கு மண் மட்டும் காரணம் அன்று. சிறுமியர் அதனைப் பேணியமையும் காரணமாகும். மண்ணுக்கு ஏற்ற மரமும் அதனைப் பேணும் மனமும் ஒன்றுசேர்ந்தாலன்றி மரம் வளர்ப்பு பயன் தராது.

புன்னை நெய்தல் நிலத்துக்கு உரிய மரம். ஆப்பிரிக்காவின் கீழைக் கடற்கரை முதல் இந்தியா, இலங்கை, மலேயா நாடுகள் வழியாகப் பசிபிக் தீவுகள் வரையிலும் அது இயற்கையாக வளர்கின்றது. மணற்பாங்கான நிலத்தையும், உப்புக் காற்றையும், கடும் வெயிலையும் தாங்கவல்லது. ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது. அதன் இலைகள் தடித்துப் பளபளப்பாக இருக்கும். நடு நரம்பிலிருந்து இருபுறமும் மெல்லிய நரம்புகள் சீப்பின் பற்கள்போல நெருங்கி ஓடும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இம்மரத்தைப் பதிவு செய்தபோது வழங்கிய 'கலோஃபில்லம்' என்னும் பெயர்க்கு 'அழகிய இலை' என்பது பொருள். மலர்கள் வெண்ணிறம் உடையவை. நடுவே பொன்னிறத் தாதுக்கள் திரண்டு நறுமணம் கமழும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் புன்னையும் ஒன்று.

காய்கள் உருண்டை வடிவின. அவற்றின் சதையை வௌவால்கள் தின்று விதையை ஆங்காங்கே உதிர்க்கும். கடல்நீரில் வீழ்ந்த காய்கள் மிதந்து சென்று தொலைவிலுள்ள கரைகளில் ஒதுங்கி முளைக்கும். உலர்ந்த பருப்பின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு எண்ணெயாகும். மண்ணெண்ணெய் பரவுவதற்கு முன் இவ்வெண்ணெயைக் கொண்டு கடலோர ஊர்களில் விளக்கு எரித்தனர். முடக்குவாத வலிக்கும் இதனைப் பூசினர். இஃது உண்ணத் தக்கதன்று. மரத்தின் தண்டு உறுதியானது. படகு கட்டுதற்குப் பயன்படுவது.

பண்டைத் தமிழகத்தில் தலைவர் ஒவ்வொருவரும் ஒரு மரத்தைக் காவல் மரமாகப் போற்றினர். பகைவன் அதனை வெட்டினால் அது பெருந் தோல்வியாகக் கருதப்பட்டது. திதியன் என்பானின் காவல் மரம் புன்னை. அதனை அன்னி என்பவன் குறுக்கைப் போர்க்களத்தில் வெட்டி வீழ்த்திய செய்தியை அகநானூறு கூறுகின்றது. ஒரு புன்னையின் பொருட்டு வீரர் போரிட்டனர். ஒரு புன்னையின் முன் கன்னியர் நாணி நின்றனர். கோயில்களிலும் இம்மரம் இடம் பெற்றது. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னையே.

இத்தகைய மரங்கள் நம் வீடுகளை விட்டு மெல்ல மெல்ல மறைந்தன. விரைந்து வளரும் மரங்களை மக்கள் விரும்பியதே அதற்குப் பெருங் காரணமாகும். மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த குல்மோகர் சில ஆண்டுகளிலேயே குடைபோல் விரிந்து செந்நிறப் பூக்களைச் சொரியும். கண்ணுக்கு இனிய மரமே அது. ஆயினும் அதன் கிளைகள் எளிதில் முறியும் தன்மையன. வேர்களும் மேலாகவே பரவுவன. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றுள் இவ்வகை மரங்கள் பல இருந்தன. வளர்ச்சியில் காட்டிய விரைவை அவை வீழ்ச்சியிலும் காட்டின.

சீமைக் கருவேலத்தின் வரலாறும் எண்ணத் தக்கது. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று கருதி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அம்மரம், ஏரிகளிலும் தரிசு நிலங்களிலும் புகுந்து பிற செடிகளை நெருக்கித் தள்ளியது. அதனை அகற்றுமாறு 2017ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட நேர்ந்தது. வெளிநாட்டு மரம் என்பதனாலேயே ஒன்று தீயதாகிவிடாது. ஆனால், ஒரு மரத்தின் இயல்பை அறியாமல் அதனை நம் மண்ணில் நடுதல், முன்பின் அறியாதவரிடம் வீட்டுச் சாவியை ஒப்படைப்பது போன்றதாகும்.

வீட்டில் புன்னை வளர்த்தல் அரிய செயலன்று. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் முதிர்ந்த காய்களைப் பொறுக்கிச் சதையை நீக்க வேண்டும். உள்ளே எலும்புபோல் கடினமான ஓடு இருக்கும். அதனுடன் விதைத்தால் முளைப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். நற்றிணைச் சிறுமியர் தாம் புதைத்த விதையை மறந்துபோனதில் வியப்பில்லை! பருப்பு சிதையாதவாறு ஓட்டை மெல்லத் தட்டி நீக்கிவிட்டு விதைத்தால் மூன்று வாரங்களில் முளை தோன்றும். மணல் கலந்த மண் நிரப்பிய தொட்டியில் விதைத்து, இளநிழலில் வைத்து, ஈரம் குறையாமல் காத்தல் வேண்டும்.

கன்று ஓரடி உயரம் வளர்ந்தபின் அதனை நிலத்தில் நடலாம். நாடெங்கும் மரம் நடும் விழாவாகிய வன மகோத்சவம், 1950ஆம் ஆண்டில் கே. எம். முன்ஷி அவர்களால் ஜூலைத் திங்களின் முதல் வாரத்துக்கு உரியதாகத் தொடங்கப்பட்டது. ஆயினும் தமிழ்நாட்டின் கீழைக் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை. ஆதலின் அப்பகுதியினர் ஐப்பசித் திங்களில் நடுவது நலம். நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும் இரண்டடி உள்ள குழி தோண்டி, தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து இட வேண்டும். புன்னை கிளை பரப்பி வளரும் மரம். ஆதலால் சுவரிலிருந்து இருபதடியேனும் தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடமாகத் தேர்ந்து நட வேண்டும். ஆடு மாடுகள் மேயாதவாறு முள்வேலி கட்டி, முதல் இரண்டு கோடைகளில் தவறாமல் நீர் ஊற்ற வேண்டும். வீட்டில் அவ்வளவு இடம் இல்லாதோர் பள்ளி வளாகத்திலோ, குளக்கரையிலோ, உரியவரின் இசைவு பெற்று ஒரு கன்றை நட்டு, அதனைத் தம் வீட்டு மரமாகவே பேணலாம்.

புன்னை மெல்ல வளரும். முதலிரண்டு ஆண்டுகளில் அதன் வளர்ச்சி கண்ணுக்குப் புலப்படாது. நட்டவர் சலிப்படைவது அப்போதுதான். விழா நாளில் கன்று நடுவோர் பலர். மறு கோடையில் அக்கன்றுக்கு ஒரு குடம் நீர் ஊற்றுவோர் சிலரே. நட்ட கன்றுகளுள் பல மரமாகாமல் மடிவதற்குக் காரணம் இதுவே. கன்று காய்ந்தபின் எஞ்சுவது குழியும் வேலியுமே.

தங்கை ஒருத்தி பிறந்தால், அவள் நாளையே வளர்ந்துவிட வேண்டும் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. அவள் நடக்கும் வரையில் கைபிடித்துச் செல்கின்றனர். உண்ணும் வரையில் ஊட்டுகின்றனர். மரத்தைத் தங்கை என்று அந்தத் தாய் கூறியதன் பொருளும் இதுவே. பள்ளிப் பருவத்தில் ஒருவர் நடும் புன்னை, அவர் நடுவயது எய்தும்போது நிழல் பரப்பும். அவர் முதுமை அடைந்தபின்னும் பூத்துக் குலுங்கும். அவர் பேரர் அதன் அடியில் விதை பொறுக்கி விளையாடுவர். அவ்விதைகளுள் ஒன்றை எவரேனும் மணலில் அழுத்திவிட்டு மறந்து போகவும் கூடும்.