நம்பிக்கைகளும் உண்மைகளும்: கைராசியும் கணக்கும்

பனமலையிலும் செஞ்சியைச் சுற்றிய மற்றக் கிராமங்களிலும், வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யவேண்டும் என்று கேட்ட மாத்திரத்தில், நோயாளியின் சரீரம் அதைத் தாங்குமா என்ற விசாரணைக்கு முன்பே, "அந்த டாக்டருக்குக் கைராசி உண்டா?" என்ற விசாரணை எழுந்துவிடுகிறது. தேர்ந்த கையை நாடுவதில் குற்றமில்லை. ஆனால் எளிய நோயாளிகளை மாத்திரம் பொறுக்கி எடுத்துக்கொள்பவருக்குக் கைராசி பெருகுவதும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைப் போல நள்ளிரவிலும் கடுமையான நோயாளிகள் வந்து சேரும் இடத்தில் உழைப்பவருக்கு அது குன்றுவதும் வெறும் தோற்றமாக இருக்கலாமே என்பதை நாம் ஆலோசிப்பதில்லை.

இந்த அநீதியைக் களைந்து டாக்டர்களின் வேலையை நியாயமாக ஒப்பிடும் பொருட்டே, 1991இல் இங்கிலாந்தில் கோப்லண்டு முதலியோர் 'பாஸம்' என்னும் கணக்கை வகுத்தார்கள். வயது, இருதயம், சுவாசம், நாடி, ரத்த அழுத்தம், யூரியா, ஹீமோகுளோபின் முதலாக நோயாளியின் உடலைப் பற்றிய 12 அம்சங்களையும், ரத்தச் சேதம், வயிற்றறைக்குள் பரவிய அசுத்தம், அவசரம் முதலாக ஆபரேஷனைப் பற்றிய 6 அம்சங்களையும் எடைபோட்டு, மரணமோ சிக்கலோ நேர்வதற்கான சாத்தியத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று அது கூறுகிறது. டாக்டரின் பெயருக்கு அதில் இடமே கிடையாது. அதுவும் வேதவாக்கன்று: அபாயம் குறைந்த நோயாளிகளின் மரணத்தை அது மிகைப்படுத்துவதைக் கண்டு, 1998இல் போர்ட்ஸ்மவுத் நிபுணர்கள் அதைத் திருத்தினார்கள். நூற்றுக்குப் பத்து என்பது அதே நிலையிலுள்ள நூறு பேரைப் பற்றிய பேச்சேயன்றி, நம் வீட்டுப் பெரியவரின் ஜாதக பலன் அன்று.

"பனமலைத் தாளகிரீசுவரர் கோயில் குன்றில் மூச்சிரைக்காமல் ஏறுகிறவருக்கு என்ன பயம்?" என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. ஆயினும் ஒருவருடைய தெம்பை உத்தேசமாக மதிப்பிடுவதில் டாக்டர்களே தவறிவிடுகிறார்கள் என்று 2018இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு காட்டியது, ஆகவே மயக்க மருந்து டாக்டர், "மாடி ஏறுவீர்களா, வீட்டைப் பெருக்குவீர்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பது வீண்பேச்சன்று.

எல்லாவற்றிலும் கேடு விளைப்பது, "விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்னும் எண்ணம். குடற்புண் ஓட்டையாகி, வயிறு பலகைபோல் இறுகி வந்தவர்களை ஹாங்காங்கில் ஆராய்ந்த போயி குழுவினர், 1987இல் மூன்றே அபாயக் குறிகளைச் சொன்னார்கள்: ரத்த அழுத்தம் வீழ்ந்திருத்தல், வேறு கடும் வியாதி இருத்தல், ஓட்டை விழுந்து 24 மணி நேரம் கடந்திருத்தல். மூன்றும் இல்லாதவர்கள் பிழைத்தார்கள். மூன்றும் சேர்ந்தவர்கள் பிழைக்கவில்லை. சோடாவிலும் மெடிக்கல் ஷாப் மாத்திரையிலும் கழியும் அந்த ஒரு நாளைத் தவிர்ப்பது ஒன்றே, அம்மூன்றில் முழுவதும் வீட்டாரின் வசத்திலுள்ளது.

"ஆபரேஷன் சக்சஸ்" என்றதும் அபாயம் தீர்ந்ததென்பதும் பிழை. மரணம் குறைந்த ஆஸ்பத்திரிகளிலும் மிகுந்த ஆஸ்பத்திரிகளிலும் சிக்கல்கள் ஏறக்குறைய சமமே என்றும், பெரிய சிக்கல் வந்தபின் இறந்தோர் மட்டும் முன்னவற்றில் நூற்றுக்கு 12.5, பின்னவற்றில் 21.4 என்றும் 2009இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. அடுத்த சில தினங்களின் கண்காணிப்பே உயிரைக் காக்கிறது.

வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, மூட்டுவலிக்கு என்ன மாத்திரை சாப்பிட்டார், பீடி உண்டா, சுகர் உண்டா என்பவற்றை, கேட்பதற்கு முன்பே டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.