எழுதியவர் டாக்டர்தானா? இணையத்தில் சரிபார்ப்பது எப்படி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இணைய இணைப்பும் எடுத்தாயிற்று. முதலில் தேடுவது சினிமாப் பாட்டு. அடுத்தது ரயில் டிக்கெட். மூன்றாவதாகத் தேடுவது அநேகமாக ஏதாவது ஒரு நோயாகத்தான் இருக்கும். அம்மாவின் மூட்டு வலி, அப்பாவின் சர்க்கரை, குழந்தையின் காய்ச்சல் என்று ஏதாவது ஒன்றை டைப் செய்து என்டர் தட்டினால் ஆயிரக்கணக்கில் பக்கங்கள் வந்து நிற்கும். அவற்றில் பாதிக்கு மேல் "டாக்டர் எழுதியது" என்றே சொல்லிக்கொள்ளும்.

நான் டாக்டர் அல்ல, சென்னையில் சாஃப்ட்வேர் எழுதுபவன். எனவே எந்த மாத்திரை நல்லது என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார், யார் காசில் எழுதுகிறார் என்ற நான்கையும் சரிபார்க்க மருத்துவம் படிக்க வேண்டியதில்லை. மவுஸும் பத்து நிமிடப் பொறுமையும் போதும். (நெஞ்சு வலி, திடீரென்று வாய் கோணுதல், மூச்சுத் திணறல் போன்றவற்றுக்கு இந்தப் பத்து நிமிடமும் கிடையாது. கம்ப்யூட்டரை விட்டு எழுந்து 108-ஐ அழையுங்கள்.)

முதலில் தேடல் முடிவுகளைப் பார்ப்போம். கூகுளில் மேலே வருவதுதான் சிறந்தது என்று புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் வருபவை "ஸ்பான்சர்டு" என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால் அவை காசு கொடுத்து அந்த இடத்தைப் பிடித்தவை. இப்போது பல தேடல்களில் எல்லாவற்றுக்கும் மேலே ஏஐ தொகுத்த பதில் ஒன்றும் வருகிறது. அதைப் படிப்பதில் தவறில்லை. ஆனால் அதோடு தரப்படும் இணைப்புகளைக் கிளிக் செய்து, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை எழுதியவருக்கும் மேலே சொன்ன நான்கு கேள்விகள் பொருந்தும்.

இனி ஓர் உண்மைச் சம்பவம். திருநெல்வேலியில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் வாங்கினார். ஒருநாள் போனில், "ஏல, நான் சர்க்கரை மாத்திரையை நிப்பாட்டிட்டேன். மெட்ஃபார்மின் கிட்னியை அழிச்சிரும்னு ஒரு பெரிய டாக்டர் எழுதியிருக்காரு, எம்.டி. படிச்சவரு" என்றார். நிறுத்திப் பதினொரு நாள் ஆகியிருந்தது. மறுபடி மாத்திரை போடுங்கள் என்று நான் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவர். "அந்த டாக்டர் யாருன்னு பார்ப்போம் பெரியப்பா" என்றேன். போனிலேயே அவரை அவருடைய கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, நாங்கள் இருவரும் செய்ததைத்தான் கீழே சொல்கிறேன்.

பக்கத்தின் அடியில் "எங்களைப் பற்றி" என்ற இணைப்பு இருந்தது. அதில் பெயருக்குப் பின்னால் எம்.டி. என்றும், அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் ஏ.எம். என்றும் இருந்தது. ஏ.எம். என்றால் ஆல்டர்நேட்டிவ் மெடிசின். எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்றாண்டு மருத்துவக் கல்லூரியில் படித்து வாங்கும் எம்.டி. வேறு, இது வேறு. அடைப்புக்குறியைக் கவனிக்காமல் கடந்து போவது மிகவும் எளிது. பெரியப்பா தாலுகா ஆபீசில் முப்பது வருடம் கையெழுத்துகளைச் சரிபார்த்தவர். அவர் கண்ணுக்கே அது தப்பியிருந்தது.

அடுத்து பெயரைத் தேடினோம். இந்தியாவில் நவீன மருத்துவம் பார்க்கும் டாக்டர்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். 2020 செப்டம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்துக்குச் செல்லுங்கள். அங்கே இந்தியன் மெடிக்கல் ரெஜிஸ்டர் என்ற பகுதியில் டாக்டரின் பெயர், பதிவு எண், மாநிலக் கவுன்சில் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். என்ன படித்தார், எந்த வருடம் பதிவு செய்தார் என்பது கிடைக்கும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தளத்திலும் இப்படித் தேடலாம்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, அது இனிஷியல். பெயருக்கு முன்னால் இனிஷியல் போட்டுத் தேடினால் கிடைக்காதவர், பின்னால் போட்டால் கிடைப்பார். "மூர்த்தி"யை ஆங்கிலத்தில் எழுத மூன்று நான்கு வழிகள் இருக்கின்றன. எனவே பெயர் வரவில்லை என்றவுடன் போலி டாக்டர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எழுத்துகளை மாற்றிப் பாருங்கள், மாநிலப் பட்டியலையும் பாருங்கள். பதிவு எண் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. டாக்டர்கள் தங்கள் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதி. தன் பக்கத்திலும் அதைப் போட்டிருக்கும் டாக்டரை நான் கொஞ்சம் கூடுதலாக மதிக்கிறேன். சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி, பல் மருத்துவம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் உள்ளன. பிரிட்டன் டாக்டர் என்றால் அந்நாட்டு ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் தளத்தில் தேட வேண்டும்.

பெரியப்பா படித்த பக்கத்தின் ஆசிரியர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அத்துடன் வேலை முடிந்துவிடவில்லை. ஆள் சரியில்லை என்பதாலேயே அவர் சொன்னது பொய் என்றும் ஆகிவிடாது. "சரி, கிட்னி கதை நிஜமா பொய்யா?" என்று பெரியப்பா கேட்டது நியாயமான கேள்வி.

இதற்குக் கூகுளில் ஒரு வசதி உண்டு. மருந்தின் பெயரையும் கிட்னி என்பதையும் ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ஓர் இடைவெளி விட்டு, சைட் என்ற ஆங்கிலச் சொல்லையும் கோலன் குறியையும் டைப் செய்து, இடைவெளி இல்லாமல் தளத்தின் முகவரியைச் சேருங்கள். அந்தத் தளத்துக்குள் மட்டும் கூகுள் தேடித் தரும். நாங்கள் இரண்டு தளங்களில் தேடினோம். ஒன்று, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் நடத்திவரும் மெட்லைன்பிளஸ். மற்றொன்று பிரிட்டன் அரசின் என்.எச்.எஸ். தளம். இரண்டிலும் விளம்பரதாரர் மாத்திரை விற்பதில்லை. பக்கம் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற தேதியும் இருக்கும்.

அங்கே கிடைத்த விஷயம் சுவாரசியமானது. மெட்ஃபார்மினை உடல் சிதைப்பதில்லை. அது அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் பழுதாகியிருந்தால் மருந்து வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும். அதனால் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து, அரிதாக, உண்டு. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற அளவு 30-க்குக் கீழ் இருந்தால் இந்த மருந்தைத் தரக்கூடாது என்றும், 30-லிருந்து 45-க்குள் இருந்தால் புதிதாகத் தொடங்குவது உகந்ததல்ல என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் விதியைத் திருத்தியது. ஆக, "கிட்னி கெட்டவர்களுக்கு இந்த மருந்து கூடாது" என்ற உண்மை, அந்தப் பக்கத்தில் "இந்த மருந்து கிட்னியைக் கெடுக்கும்" என்று தலைகீழாகியிருந்தது. முழுப் பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். இப்படிப்பட்ட பாதி உண்மைதான் ஆளைக் கவிழ்க்கும். பெரியப்பா மறுநாளே தன் டாக்டரைப் பார்த்தார். அவருடைய இஜிஎஃப்ஆர் 70-க்கு மேல் இருந்தது. மாத்திரையைத் தொடரச் சொன்னார் டாக்டர்.

கடைசியாக, அந்தப் பக்கத்தின் வலது ஓரத்தில் "கிட்னி பாதுகாப்புச் சூரணம், இன்று மட்டும் 40 சதவீதத் தள்ளுபடி" என்று ஒரு பெட்டி இருந்தது. பயத்தைக் கிளப்பும் பக்கமே மருந்தையும் விற்றால், நான் அதற்கு மேல் படிப்பதில்லை.

சரி, பதிவேட்டில் பெயர் இருக்கிறது, பட்டமும் உண்மை. அப்போது கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? ஆண்ட்ரூ வேக்ஃபீல்டை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் லண்டனில் பணியாற்றிய அசல் டாக்டர். 1998-இல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில், 12 குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தினார். பெற்றோர்கள் பயந்து ஊசி போடாமல் விட்டார்கள். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்க முயன்ற வக்கீலிடமிருந்து அவர் பணம் பெற்றிருந்தது பிறகு வெளியே வந்தது. 2010 பிப்ரவரியில் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் அவர் பெயர் பிரிட்டன் டாக்டர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின. இன்றும் அந்தக் கட்டுரையை ஆதாரமாகக் காட்டும் பக்கங்கள் இருக்கின்றன.

இந்த மாதிரி ஆதாரத்தை நீங்களே சோதிக்கலாம். பப்மெட் என்ற தளம் 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகளின் விவரம் அதில் உண்டு. கட்டுரையின் தலைப்பைக் காப்பி செய்து அங்கே பேஸ்ட் செய்து தேடுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் அந்த எச்சரிக்கை பக்கத்திலேயே தெரியும். உள்ளே எழுதியிருப்பது புரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை உண்மையிலேயே இருக்கிறதா, அது எலிகளைப் பற்றியதா மனிதர்களைப் பற்றியதா என்பது மட்டும் தெரிந்தாலே நிறைய வடிகட்டிவிடும்.

முத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெனிவாவிலிருந்து இயங்கிய ஹெல்த் ஆன் த நெட் என்ற அமைப்பு 1996 முதல் ஹான்கோட் என்ற முத்திரையை மருத்துவத் தளங்களுக்கு வழங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் 2022 டிசம்பரில் அந்தச் சேவை நின்றுவிட்டது. இன்று ஒரு பக்கத்தில் அந்த முத்திரை ஒட்டியிருந்தால், அது பழைய ஸ்டிக்கர் என்று கொள்ளுங்கள். எக்ஸ் தளத்தின் நீலக் குறி 2023 முதல் பணம் கட்டினாலே கிடைக்கிறது. முகவரியின் வாலைப் பார்ப்பதும் ஓரளவுக்குத்தான் உதவும். டாட் ஜிஓவி டாட் இன் என்று முடிந்தால் இந்திய அரசுத் தளம். டாட் ஓஆர்ஜி என்பதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் தளமே டாட் ஓஆர்ஜி டாட் இன் என்றுதான் முடிகிறது என்பது வேறு விஷயம்!

டாக்டர்கள் எழுதுவதை ஆங்கிலத்தில் தொடர்ந்து படிக்க விரும்புவோருக்கு சயின்ஸ் பேஸ்டு மெடிசின் தளத்தைச் சொல்வேன். யேல் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் ஸ்டீவன் நொவெல்லா 2008-இல் தொடங்கியது. புற்றுநோய் அறுவை மருத்துவர் டேவிட் கோர்ஸ்கியும் அதில் எழுதுகிறார். கட்டுரைகள் நீளம், சில நேரம் காரம். ஆனால் சொன்னதற்கெல்லாம் ஆய்வுக்கு இணைப்புத் தருவார்கள், தெரியாததைத் தெரியாது என்பார்கள். காக்ரேன் தளத்தில், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய முடிவுகள் எளிய சுருக்கங்களாக உள்ளன. மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் சிலவற்றைத் தமிழிலேயே படிக்கலாம். தமிழில் எழுதும் டாக்டர்களில் ராஜபாளையம் டாக்டர் கு. கணேசனின் கட்டுரைகள் நாளிதழ் வாசகர்களுக்குப் பழக்கமானவை.

நல்ல பக்கம் கிடைத்தால் கன்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்தி புக்மார்க் செய்து, "மருத்துவம்" என்ற ஃபோல்டரில் வையுங்கள். அடுத்த முறை கூகுளில் அலையாமல் அங்கிருந்தே தொடங்கலாம். உங்கள் டாக்டரிடம் காட்ட வேண்டுமானால் கன்ட்ரோல் கீயுடன் பி கீயை அழுத்தி பிரின்ட் எடுங்கள். பிரின்ட் விண்டோவில் முகவரியும் தேதியும் அச்சாகும்படி ஹெட்டர், ஃபூட்டர் கட்டத்தில் டிக் செய்துகொள்ளுங்கள். எங்கிருந்து எடுத்தது என்பது டாக்டருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வெளியே டோக்கன் வாங்கிக்கொண்டு இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.