அட்மின் போதாது, தொகுப்பாளர் வேண்டும்

அகதிகளுக்காக வேலை செய்பவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் இணையக் குழுவை நடத்துவது எப்படி?

தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து நான்கைந்து மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் மேலாளர் போகிற போக்கில் சொல்வார்: "களப் பணியாளர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கு. இனிமே அதை நீயே பார்த்துக்கோ." சின்ன வேலைபோலத் தெரியும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் குழுவில் 180 பேர், காலை வணக்கப் படங்கள், பயிற்சி அறிவிப்புகள், நடுவே யாரோ கேட்டு யாரும் பதில் சொல்லாமல் விட்ட ஒரு நல்ல கேள்வி. அந்தக் கேள்வியைக் கவனிப்பதுதான் உங்கள் வேலை. மற்றதெல்லாம் பிறகு.

மைசூருவில் இருப்பவர்களுக்கு இந்த வேலை தூரத்து விஷயம் இல்லை. மடிக்கேரி சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போனால் பைலகுப்பே. 1960-61-ல் அன்றைய மைசூர் மாநில அரசு ஒதுக்கிய நிலத்தில் திபெத்தியர்களுக்காக உருவான குடியிருப்பு அது. பக்கத்திலேயே 1969-ல் இன்னொன்று வந்தது. 1972-ல் உன்சூர் அருகே ஒன்று, 1974-ல் கொள்ளேகால் பக்கம் ஒன்று. தெற்கே தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் நூறுக்கும் மேல். இந்த இடங்களில் செவிலியர், ஆசிரியர், கூட்டுறவுச் சங்க ஊழியர், மனநல ஆலோசகர், சட்ட உதவியாளர் எனப் பலர் வேலை செய்கிறார்கள். ஒருவர் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வழியை அடுத்த ஊர்க்காரர் மறுபடியும் முதலிலிருந்து தேடுகிறார்.

எதற்கு இந்தக் குழு?

ஓர் உதாரணம் போதும். 1955-ம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 3(1)(அ) பிரிவு, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர் (சில விதிவிலக்குகள் தவிர) பிறப்பால் இந்தியக் குடிமகன் என்கிறது. பெற்றோர் எந்த நாட்டவர் என்று அது கேட்பதில்லை. 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம், 1986-ல் இமாசலப் பிரதேசத்தில் பிறந்த திபெத்தியப் பெண் ஒருவருக்கு இந்தப் பிரிவின்படி தீர்ப்பு வழங்கியது. 2013-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதே வழியில் போனது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது.

சட்டம் ஒன்று, பிறந்த வருடமும் ஒன்று. முதல் தீர்ப்புக்கும் மூன்றாவதற்கும் இடையே பன்னிரண்டு வருடங்கள். பைலகுப்பேயில் சட்ட உதவி செய்பவரும் மண்டபத்தில் முகாம் வேலை பார்ப்பவரும் ஒரே குழுவில் இருந்தால், 'எங்க ஊர்ல இதுக்கு ஒரு தீர்ப்பு இருக்கு' என்ற ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதிலைத் திருப்பித் தருவதே வேலை

அட்மின் ஆட்களைச் சேர்ப்பார், நீக்குவார், விதிகளை ஞாபகப்படுத்துவார். தொகுப்பாளர் கேள்வியைக் கூர்மையாக்குவார், சரியான ஆளிடம் கொண்டுபோவார், வந்த பதில்களை வேலைக்கு ஆகும் வடிவில் எழுதித் திருப்பித் தருவார். இதற்கு இந்தியாவிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 2005-ல் இங்குள்ள ஐ.நா. அமைப்புகள் 'சொல்யூஷன் எக்ஸ்சேஞ்ச்' என்ற வலைப்பின்னலைத் தொடங்கின. எச்.ஐ.வி., தாய்சேய் நலம், குடிநீர், பேரிடர் மேலாண்மை என ஒவ்வொரு துறைக்கும் ஒரு குழு. கருவி வெறும் மின்னஞ்சல். உறுப்பினர் ஒருவர் கேள்வி அனுப்புவார், நாடு முழுவதிலிருந்தும் பதில்கள் வரும். முழுநேர நெறியாளர் அவற்றைச் சுருக்கி, அனுபவங்களை ஊர்வாரியாகப் பிரித்து, ஒரே ஆவணமாக எல்லோருக்கும் அனுப்புவார். குழுவின் மதிப்பு அந்த ஆவணத்தில்தான் இருந்தது.

கேள்வியைச் செதுக்குங்கள்

'முகாம் குழந்தைகளின் மனநலத்தை மேம்படுத்துவது எப்படி?' என்று கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் அது சொற்பொழிவாக இருக்கும். கேட்டவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். யாருக்கு, என்ன நடந்தது, நீங்கள் ஏற்கெனவே என்ன செய்து பார்த்தீர்கள், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்? இந்த நான்கையும் கேட்ட பிறகு கேள்வி இப்படி மாறும்: 'பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசினோம், அப்பா பிடிகொடுக்கவில்லை. ஆசிரியரை விட்டுப் பேசச் சொல்வதா, அவனுடைய நண்பர்களை விட்டா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?' இதற்குப் பதில் வரும், ஏனென்றால் இதில் மற்றவர் தன் சொந்த அனுபவத்தை வைக்க இடம் இருக்கிறது.

தொகுப்பின் வடிவம்

பாஸ்போர்ட் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 'முகாமில் 1986-ல் பிறந்தவர், பிறப்புச் சான்றிதழ் இல்லை, என்ன செய்யலாம்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நீங்கள் எழுதும் தொகுப்பு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஐந்து பகுதிகள் போதும்:

1. கேள்வி, இரண்டே வரியில்.
2. யார் எங்கே என்ன செய்தார்கள். எந்த ஆவணத்தை எந்த அலுவலகம் ஏற்றது, எது திரும்பி வந்தது.
3. இது எங்கே பொருந்தாது. 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த தம்பிக்கு இந்த வழி உதவாது. குடியுரிமையை நிலைநாட்டிக்கொண்டால் குடியிருப்பில் உள்ள வீட்டுக்கும் உதவித்தொகைக்கும் என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி.
4. இன்னும் பதில் வராதது.
5. சரிபார்த்த வழக்கறிஞர் யார், எந்தத் தேதியில்.

மூன்றாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். அகதி வாழ்க்கையில் பாதித் தகவல் முழுப் பொய்யைவிட ஆபத்தானது. அண்ணனுக்குக் கிடைத்தது தனக்கும் கிடைக்கும் என்று நம்பி, இருக்கிற அடையாள அட்டையைக்கூட ஒருவர் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதனால் அரசாணை, நீதிமன்றம், குடியுரிமை பற்றிய எந்தச் செய்திக்கும் மூல ஆவணம் கட்டாயம் என்று முதல் நாளே விதி போடுங்கள். ஆவணம் இல்லாத செய்தியை நீக்கிவிட்டு, அனுப்பியவரிடம் தனியாகப் பேசுங்கள். குழுவில் வைத்துத் திருத்தினால் அவர் அப்புறம் வாயே திறக்கமாட்டார்.

பெருங்கூட்டத்துக்குள் சிறு வட்டம்

மைராடா என்ற பெயர் தமிழ்நாட்டு மகளிர் குழுக்களுக்கும் தெரியும். 1968-ல் அது தொடங்கியது திபெத்திய அகதிகளின் மறுகுடியேற்றத்துக்கு உதவ. மைசூர் மீள்குடியேற்ற, வளர்ச்சி முகமை என்பதுதான் அதன் முழுப்பெயர். 1980-களின் நடுவில், அது ஆதரித்துவந்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில உடைந்தபோது, உறுப்பினர்கள் தங்களுக்குள் நம்பிக்கை உள்ளவர்களாகச் சேர்ந்து சிறு குழுக்களானார்கள். 1987-ல் நபார்டு வங்கி அந்த முயற்சிக்கு நிதி தந்தது, 1992-ல் சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டம் பிறந்தது.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. முன்பே நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் பேச்சு வரும். 180 பேர் குழுவை அறிவிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கற்றலுக்கு 15 முதல் 20 பேர் கொண்ட சிறு வட்டங்களை அமையுங்கள். வேலையின்படி பிரியுங்கள், நிறுவனத்தின்படி வேண்டாம். பைலகுப்பே செவிலியரும் கும்மிடிப்பூண்டி செவிலியரும் ஒரே வட்டத்தில் இருக்கட்டும். மேலதிகாரிகளைச் சேர்க்காதீர்கள். தன் மேலாளர் பார்க்கிற இடத்தில் 'எனக்குத் தெரியலை' என்று யாரும் எழுதமாட்டார்கள்.

மாதம் ஒரு காணொலிச் சந்திப்பு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2003-ல் டாக்டர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய 'எக்கோ' முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். கல்லீரல் நோயாளிகள் நகரத்து நிபுணருக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கிராமத்து மருத்துவர்களைக் காணொலியில் கூட்டி, அவர்களுடைய நோயாளிகளைப் பற்றியே பேசவைத்து, அங்கேயே சிகிச்சை தர அவர்களைத் தயாராக்கினார் அரோரா. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநலப் பயிற்சிக்கு இதே முறையைப் பயன்படுத்துகிறது.

உங்கள் ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். அறிமுகம் 5 நிமிடம். நிபுணர் பேச்சு 10 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். பிறகு உறுப்பினர்கள் கொண்டுவரும் இரண்டு பிரச்சினைகளுக்குத் தலா 20 நிமிடம். கடைசி 5 நிமிடத்தில், பிரச்சினையைக் கொண்டுவந்தவர் 'நாளைக்கு நான் இதைச் செய்யப்போகிறேன்' என்று ஒரு வரி சொல்லட்டும். அடுத்த மாதம் முதல் கேள்வி அவரிடம்தான்: 'செஞ்சீங்களா? என்ன ஆச்சு?'

தேதி குறிக்கும் முன் உறுப்பினர்களுடைய நாட்காட்டியைப் பாருங்கள். குளிர்காலத்தில் திபெத்தியக் குடியிருப்புகளிலிருந்து பலர் ஸ்வெட்டர் வியாபாரத்துக்கு வெளியூர் போய்விடுவார்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் லோசர் புத்தாண்டு வரும். தமிழ்நாட்டு முகாம்களில் மாதப் பணக்கொடை கொடுக்கிற நாளில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது.

பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரியும்

'பெயர் போடவில்லையே' என்பார்கள். 'நான்காம் முகாம், 14 வயதுப் பெண், வலிப்பு நோய்' என்று எழுதினால் பைலகுப்பேயில் அது பெயர் எழுதியதற்குச் சமம். முகாம் எண்ணை எடுத்துவிடுங்கள், வயதைப் 'பதின்ம வயது' ஆக்குங்கள், பிரச்சினைக்குத் தேவையில்லாத விவரம் எதுவும் வேண்டாம். பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை, மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் படங்களுக்கு முழுத் தடை. வாட்ஸ்அப்பில் குறியாக்கம் உண்டு, சரி. ஆனால் படம் 20 பேரின் போன் கேலரியில் உட்கார்ந்திருக்கும், அந்தப் போனை வீட்டில் பிள்ளைகளும் எடுப்பார்கள். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் விவரத்துக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

உறுப்பினர்களின் பாதுகாப்பும் உங்கள் பொறுப்புதான். குழுவில் சேர்ந்தால் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும், பெண் பணியாளர்களிடம் கட்டாயமாக, கேட்டுவிடுங்கள்.

பேசாதவர்களைப் பேசவைப்பது

இணையக் குழுக்களில் பத்தில் ஒன்பது பேர் படிப்பவர்கள் மட்டுமே என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதினார். மௌனம் தோல்வி இல்லை. எழுதத் தயங்குகிறவர் பல நேரம் மொழிக்காகத் தயங்குகிறார். தமிழ், கன்னடம், திபெத்தியம், இந்தி எதிலும் குரல் பதிவு போடலாம் என்று அறிவியுங்கள். மொழிபெயர்க்க ஒவ்வொரு வட்டத்திலும் இரு மொழி தெரிந்த ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 'யாராவது சொல்லுங்க' என்பதைவிட, ஒருவருக்குத் தனியாக அனுப்பும் செய்தி பலிக்கும்: "அக்கா, போன மாசம் இதே மாதிரி ஒண்ணு நீங்க சமாளிச்சீங்கன்னு சொன்னீங்களே, ரெண்டு நிமிஷம் குரல் பதிவா போடுறீங்களா?"

துயரக் கதைகளை நாள் முழுதும் கேட்பவர்களின் குழு இது என்பதையும் மறக்க வேண்டாம். உளவியல் முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2011 கையேடு சொல்லும் மூன்று படிகள், கவனி, கேள், இணைத்துவிடு. இவை சக பணியாளருக்கும் பொருந்தும். ஒருவருடைய செய்திகளின் தொனி மாறினால் தனியே அழைத்துப் பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் குழு விவரத்தில் நிரந்தரமாக இருக்கட்டும். ஆலோசகராக நீங்களே மாறிவிடாதீர்கள்.

எதை எண்ணுவது?

செய்திகளின் எண்ணிக்கை, உறுப்பினர் எண்ணிக்கை இரண்டும் நிதி தருபவருக்குப் பிடிக்கும், உங்களுக்கு எதையும் சொல்லாது. மூன்றைக் குறித்து வையுங்கள்: எத்தனை கேள்விக்குத் தொகுப்பு போனது, அதைப் பார்த்து எத்தனை பேர் வேலையில் ஏதாவது மாற்றினார்கள், எந்தத் தொகுப்பு பழையதாகி நீக்க வேண்டியதாயிற்று.

இந்த வேலைக்குள் நுழைய

மைசூருப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரியில் சமூகப் பணி படிப்பவரானாலும், செவிலியராகவோ ஆசிரியராகவோ இருப்பவரானாலும், முதல் தேவை களத்தில் கொஞ்ச காலம். அடுத்தது எழுத்து: இருபது குழப்பமான செய்திகளை ஒரு தெளிவான பக்கமாக்கும் திறமை. மனிதநேயப் பணிக்கான 'காயா' தளத்தில் இலவசப் பாடங்கள் உண்டு. மனிதநேய உதவியின் தரங்களைச் சொல்லும் 'ஸ்பியர்' கையேட்டைப் படித்துவையுங்கள், நேர்காணலில் அதன் பெயர் வரும். கன்னடமோ தமிழோ, தாய்மொழிக்கு மேல் இன்னொரு மொழி கைகொடுக்கும்.

சான்றிதழ்களைவிட நீங்கள் எழுதிய மூன்று தொகுப்புகள், அடையாளங்கள் நீக்கியவை, அதிகம் பேசும். இப்போது இருக்கும் குழுவிலேயே ஆரம்பிக்கலாம். பதிலில்லாமல் கிடக்கும் ஒரு கேள்வியை எடுங்கள், நான்கு பேரிடம் கேளுங்கள், ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது நீங்களும் ஒன்று கேளுங்கள்: 'தொகுப்பு எழுத வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குவீர்கள்?' 'அதெல்லாம் சைடுல பாத்துக்கலாம்' என்று பதில் வந்தால், அங்கே காலியாக இருப்பது அட்மின் இடம்தான். சம்பளத்தை அதற்கேற்பப் பேசிக்கொள்ளுங்கள்.