விமர்சகரிடம் சண்டைக்குப் போகுமுன்

அன்புத் தம்பிக்கு,

உன் நிகழ்ச்சியைப் பற்றி நாளிதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். இந்த வார ஒளிபரப்பில் அவரைப் பெயர் சொல்லியே நாலு கேள்வி கேட்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதற்குமுன் 1954-இல் அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்.

மார்ச் 9 இரவு, சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘சீ இட் நௌ’ நிகழ்ச்சியில் எட்வர்ட் மர்ரோ, செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் பேச்சுகளையும் விசாரணைக் காட்சிகளையும் தொகுத்துக் காட்டினார். கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் மெக்கார்த்தி ஆட்களை மிரட்டிய விதம் அம்பலமானது. அடுத்து நியூயார்க் நிலையத்தில் 11 மணிச் செய்தி. அதை வழங்கிய டான் ஹாலன்பெக், சற்றுமுன் ஒளிபரப்பானதை எண்ணிப் பெருமைப்படுவதாக நேயர்களிடமே சொல்லிவிட்டார்.

இந்த ஹாலன்பெக்கும் ஒரு விமர்சகர்தான். 1947-இல் தொடங்கிய ‘சிபிஎஸ் வியூஸ் தி பிரஸ்’ என்ற வானொலி நிகழ்ச்சியில் நியூயார்க் நாளிதழ்கள் செய்தி எழுதும் லட்சணத்தை வாராவாரம் அலசியவர். வானொலியைப் பத்திரிகைகள் குறை சொல்லலாம். வானொலி திருப்பிச் சொன்னால் பொறுக்குமா? ஹெர்ஸ்ட் குழுமத்தின் ‘ஜர்னல்-அமெரிக்கன்’ நாளிதழில் தொலைக்காட்சிப் பத்தி எழுதிய ஜாக் ஓபிரையன் அவரை விடாமல் தாக்கினார். அவர் பிடித்துக்கொண்டது ஹாலன்பெக் முன்பு ‘பிஎம்’ என்ற இடதுசாரி நாளிதழில் வேலை பார்த்ததை. அன்றைய சூழலில் அந்த முத்திரை ஒருவரின் பிழைப்பையே கெடுக்கும்.

அதே 1954 ஜூன் 22 அன்று ஹாலன்பெக் தற்கொலை செய்துகொண்டார். உடல்நலக் கேடு, குடி, குடும்பத் துயரம் எல்லாம் அவருக்கு இருந்தன. பழி முழுவதையும் பத்திக்காரர் தலையில் போடுவது நியாயமல்ல. ஆனால் இறந்த பிறகும் ஓபிரையன் அவரைத் தாக்கியே எழுதினார். என்னைக் கேட்டால், அதை விமர்சனக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மர்ரோவின் அந்த மார்ச் 9 நிகழ்ச்சியைக் கில்பர்ட் செல்டஸ் என்பவர் விமர்சித்தார். சிபிஎஸ்ஸின் தொடக்ககாலத் தொலைக்காட்சிப் பிரிவை நடத்தியவர். மெக்கார்த்தியை அவருக்கும் ஆகாது. இருந்தும் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் மர்ரோவின் முறையைக் கேள்விக்குள்ளாக்கினார். ஒருவரைப் பற்றிய காட்சிகளை நம் விருப்பப்படி பொறுக்கி வெட்டி ஒட்டிவிட்டு, பதிலுக்கு நேரம் தருகிறோம் என்றால் சமநீதி ஆகிவிடுமா? கேமராவும் கத்திரிக்கோலும் கைவந்தவருக்கும் மற்றவருக்கும் ஒரே அரைமணி நேரம் ஒன்றாகாது என்பது அவர் வாதம். மர்ரோ செய்தது சரி என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் செல்டஸின் கேள்வி இன்றைக்கும் எல்லா எடிட்டிங் அறைகளிலும் கேட்கப்பட வேண்டியது. அது சொந்த அணியிலிருந்தே வந்தது என்பதால் இன்னும் மதிப்பு.

ஏப்ரல் 6 அன்று மெக்கார்த்தி, பதில் சொல்லத் தனக்குக் கிடைத்த நேரத்தில் மர்ரோவையே தேசவிரோதி போலப் பேசினார். மறுவாரம் மர்ரோ குற்றச்சாட்டுகளை எடுத்துக்கொண்டு, ஆதாரத்தோடு பதில் சொன்னார். தன்மேல் பொதுவில் வந்த பழிக்குப் பொதுவில் விளக்கம். அது வேறு, மைக் கையில் இருக்கிறது என்பதற்காகச் சொந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்வது வேறு. அந்த மைக் உன்னுடையதுமல்ல.

விமர்சகர் தகவலைத் தவறாக எழுதியிருந்தால், ஒளிபரப்பின் பதிவோடு அவருடைய ஆசிரியருக்குக் கடிதம் எழுது. உன்னைத் தனிப்பட்ட முறையில் இழிவுபடுத்தினால் அதை நிர்வாகம் பார்க்கட்டும். ஊழியருக்குத் துணைநிற்பது நிறுவனத்தின் கடமை. தவறு உன்னுடையது என்றால், நிகழ்ச்சியிலேயே திருத்தம் சொல்லிவிடு.

உன்னைப் பற்றி எழுதியவர் செல்டஸ் ரகம். நீ குற்றம் சாட்டிய ஒப்பந்ததாரரின் தரப்பு ஏன் இல்லை என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார். நாளைக்கே அந்த ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டுப் பேசு. அவர் சொல்வதை இந்த வாரமே ஒளிபரப்பு.

அன்புடன்,
அண்ணன்