வெயில் நிறைந்த ஊரில் வெயில் காணாத முதியோர்



நிலாவெளியில் வெயிலுக்கு என்ன குறை? அதைத் தேடி வெளிநாட்டார் கடல் கடந்து வருகின்றனர். ஆனால் அதே ஊரில், நாள் முழுவதும் உள்ளறையில் சாய்மனைக் கதிரையிலேயே இருக்கும் அப்பாச்சிக்கு அந்த வெயில் கிடைக்கிறதா?

உணவிலுள்ள கல்சியத்தை உடல் ஏற்பதற்கு விற்றமின் டி தேவை. அது குறைந்தால் எலும்பு மெலியும், தசை தளரும். முற்றத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம். அப்படி விழுந்த முதியவர் பலர் மீண்டும் பழையபடி நடப்பதில்லை.

வெயில் தோலில் படும்போது உடலே இச்சத்தை உண்டாக்குகிறது. ஆயினும் எழுபது வயதுத் தோல், இளந்தோல் உண்டாக்குவதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையே உண்டாக்கும். கறுத்த தோலுக்கு வெயில் கூடுதலான நேரம் வேண்டும். மூடிய கண்ணாடி யன்னலூடாக வரும் வெயிலால் இதற்குப் பயனில்லை.

எனவே குடும்பத்தார் செய்யவேண்டியவை என்ன?

முதலாவது, நேரம். காலை இளவெயில் இதமானது; ஆனால் இச்சத்தைத் தரும் கதிர்கள் அதில் மிகக் குறைவு. நிழல் நம் உயரத்திலும் குறுகும் நேரமே ஏற்றது. காலை பத்து மணியளவில், கையும் காலும் வெயில் படும்படி, கால் மணி நேரம் இருக்கச் செய்யுங்கள். தலைக்குத் துணியும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். மாரியில் வானம் வெளித்த நாள்களைத் தவறவிடாதீர்கள்.

இரண்டாவது, உணவு. சாளை, சூடை போன்ற கொழுப்புள்ள மீன்களிலும் முட்டை மஞ்சட் கருவிலும் இச்சத்து உண்டு. நெத்தலியை முள்ளோடு உண்டால் கல்சியமும் சேரும். பெரிய மீனே சத்து மீன் என்று எண்ணவேண்டாம்.

மூன்றாவது, குளிசை. எழுபது வயதைத் தாண்டியோருக்கு நாளொன்றுக்கு 800 அலகு தேவை என அமெரிக்க மருத்துவக் கழகம் 2010இல் வகுத்தது. ஆனால் 2022இல் வெளியான பெரும் அமெரிக்க ஆய்வொன்றில், பொதுவாக நலமாயிருந்தோருக்குக் குளிசை கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. ஆகவே அது எல்லோருக்கும் உரியதன்று. வெளியே வர இயலாதவர்களுக்கும் குறைபாடு உள்ளவர்களுக்கும் வைத்தியரே அளவு சொல்லட்டும். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் கூடிச் சிறுநீரகம் கெடும்.

வீட்டு முதியவரின் கதிரையை நாளைக் காலை பத்து மணிக்கு முற்றத்தில் போடுங்கள். அவர் தனியே எழுந்து வரட்டும் என்று காத்திராமல், கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.